ஆள் நல்லவர், வண்டி யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன் பள்ளிவாசல் வேப்பமரத்தடியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுடன் காத்திருந்தான். அவனுக்கு ஜவுளிக் கடையில் வேலை. வீட்டிலிருந்து கடைக்கு ஒன்பது கிலோமீட்டர். இரவு கடை சாத்திய பின் பேருந்து கிடைப்பதில்லை.

"இருபத்திரண்டாயிரம் சொல்கிறார் ஹஜ்ரத். நம் மஹல்லாக்காரர்தான். ஆர்.சி. புத்தகம் மட்டும் தொலைந்துவிட்டதாம். வாங்கலாமா?" என்று கேட்டான்.

விற்பவரை நான் நன்கறிவேன். ஜமாஅத் தொழுகையில் முன்வரிசையில் நிற்பவர். கடன் வாங்கினால் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பவர். "ஆள் நல்ல ஆள். தாராளமாக வாங்கு" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை.

நான்காவது மாதம் நெடுஞ்சாலையில் நடந்த வாகனச் சோதனையில் அவனை நிறுத்தினார்கள். எண் பலகையில் இருந்த பதிவெண்ணுக்குரிய சேசிஸ் எண் ஒன்று. வண்டியில் பொறிக்கப்பட்டிருந்தது வேறொன்று. அது வெளி மாவட்டத்தில் களவு போன வண்டி என்று தெரிய வந்தது. வண்டி பறிமுதலானது. இரண்டு நாள்கள் அவன் காவல் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். கடையில் அவனைப் பார்த்த பார்வையே மாறிற்று.

மூன்றாம் நாள் அவனுடைய தாயார் மதரஸா வாசலில் வந்து நின்றார். "நீங்க சரின்னு சொன்னதாலதானே ஹஜ்ரத் வாங்கினான்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அந்த இருபத்திரண்டாயிரமும் மகளின் நிக்காஹுக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

விற்றவர் திருடரா? இல்லை. அவரும் மூன்றாண்டுகளுக்கு முன் வேறொருவரிடம் இதே வார்த்தையை நம்பி வாங்கியவர். தமக்குச் சொல்லப்பட்டதையே எங்களுக்கும் சொன்னார். உண்மை தெரிந்ததும் பாதிப் பணத்தை உடனே கொடுத்தார். மீதியை மாதந்தோறும் கொடுத்து முடித்தார். ஆம், அவர் நல்லவர்தாம். ஆனால் வண்டி அவருடையதன்று. முதலாவதை மட்டும் பார்த்தேன். இரண்டாவதை நான் கேட்கவே இல்லை.

நம் வீடுகளில் பழைய வண்டி வாங்குவது அன்றாட நிகழ்ச்சி. கல்லூரி செல்லும் பிள்ளைக்கு, வியாபாரத்துக்கு, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் மச்சானுக்கு என்று வாங்கிக்கொண்டே இருக்கிறோம். ஆகவே, பட்ட பின் நான் கற்றுக்கொண்டவற்றைப் படாதவர்களுக்காக எழுதுகிறேன்.

சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் யார்?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். அந்தப் பதிவுக்குச் சான்றுதான் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழ். முன்பு புத்தகமாக இருந்தது, பின்னர் அட்டையாயிற்று. பெயர் மட்டும் மக்கள் வாயில் ‘ஆர்.சி. புக்’ என்றே நிலைத்துவிட்டது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது என்பதே பொதுவாக அதன் சாரம். திருட்டு வண்டி பத்துக் கை மாறினாலும், பத்தாவது ஆள் நாணயமானவராகவே இருந்தாலும், வண்டி பறிகொடுத்தவருக்கே உரியது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் பணம் கொடுத்ததற்குச் சாட்சியாகலாம். இல்லாத உரிமையை அது உண்டாக்கித் தராது.

‘புத்தகம் இல்லை’ என்றால் என்ன பொருள்?

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பல நிலைமைகள் ஒளிந்திருக்கலாம். எதுவென்று கண்டறிவதே வாங்குபவரின் முதல் வேலை.

ஒன்று, உண்மையிலேயே தொலைந்திருக்கலாம். அப்படியானால் வழி எளிது. பதிவு பெற்ற உரிமையாளர் காவல் நிலையத்தில் புகார் செய்து, 26ஆம் எண் படிவத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால் நகல் சான்றிதழ் கிடைக்கும். இதை வாங்குபவர் செய்ய இயலாது; உரிமையாளர்தான் செய்ய வேண்டும். "நீங்கள் வாங்கிக்கொண்டு போய் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். அவ்வளவு எளிதானால் அவரே ஏன் எடுக்கவில்லை?

இரண்டு, வண்டி கடனில் இருக்கலாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவில் ஏறியிருக்கும். எச்.பி. என்று சொல்வது இதைத்தான். அந்நிறுவனத்தின் எழுத்துமூலமான இசைவு இல்லாமல் பெயர் மாற்றம் நடவாது. கடன் தீர்ந்திருந்தால் நிறுவனம் 35ஆம் எண் படிவத்தில் கையொப்பமிட்டுத் தரும். அதைக் கொண்டு எச்.பி. குறிப்பை நீக்கிக்கொள்ளலாம். தவணை கட்டாததால் நிறுவனம் பறித்து விற்கும் வண்டியாயின், அந்நிறுவனம் தன் பெயரில் புதிய சான்றிதழ் பெறுவதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதைப் பெற்று வரச் சொல்லுங்கள்.

மூன்று, பெயருக்குரியவர் வஃபாத்தாகியிருக்கலாம். வண்டியை வைத்திருக்கும் வாரிசு, மரணம் நேர்ந்த 30 நாள்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31ஆம் எண் படிவத்தில் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மய்யித்தின் சொத்தில் எல்லா வாரிசுகளுக்கும் பங்குண்டு என்பதை நாம் அறிவோம். மூத்த மகன் தனியாக விற்கும் வண்டியில் தாயின் பங்கும் தங்கையின் பங்கும் இருக்கின்றன. அவர்கள் இசைவில்லாமல் வாங்கினால் வழக்குக்கும் இடமுண்டு, பிறர் ஹக்கைத் தின்ற பாவத்துக்கும் இடமுண்டு.

நான்கு, வெளிமாநில வண்டியாக இருக்கலாம். அங்கே பதிவு செய்த அலுவலகத்திலிருந்து 28ஆம் எண் படிவத்தின்படி ஆட்சேபணையின்மைச் சான்று வர வேண்டும். அது இல்லாமல் இங்கே மறுபதிவு செய்ய இயலாது.

ஐந்து, அது திருட்டு வண்டியாக இருக்கலாம். முதல் நான்குக்கும் தீர்வு உண்டு. இதற்குத் தீர்வே இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ‘அப்படி நம்பக் காரணம்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஐம்பதாயிரம் பெறுமானமுள்ள வண்டியைக் காகிதமின்றி இருபதாயிரத்துக்கு ஒருவர் கொடுத்தால், அந்த விலையே உங்களுக்கு எதிரான கேள்வியாகிவிடும்.

பணம் கைமாறுவதற்கு முன்

அசல் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். நகலும் கைப்பேசியில் எடுத்த படமும் போதா. அதிலுள்ள பெயரையும் விற்பவரின் அடையாள அட்டையையும் ஒப்பிடுங்கள். பெயர் வேறாயின், பெயருக்குரியவரை நேரில் சந்திக்காமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து வண்டியிடம் செல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் சேசிஸ் எண் பெரும்பாலும் கைப்பிடிக்குக் கீழே சட்டத்தின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண் எஞ்சினின் அடிப்பகுதியில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் விழும். அதைச் சான்றிதழோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் ஏறுமாறாக இருந்தாலோ, அவ்விடம் மட்டும் அரத்தால் ராவியதுபோல் தேய்ந்திருந்தாலோ, புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தாலோ, ஸலாம் சொல்லி விடைபெற்றுவிடுங்கள்.

பதிவெண்ணைக் கொண்டு மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டியின் வகை, பதிவு நாள், காப்பீட்டுக் காலம் முதலியவற்றைப் பார்க்கலாம். நமக்குப் பழக்கமில்லையென்றால் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டுவார்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும்; பின்பு புதுப்பித்தாக வேண்டும். எனவே ஆண்டையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாயிருந்தால் 29, 30ஆம் எண் படிவங்களில் விற்பவரும் வாங்குபவரும் பெயர், நாள் யாவும் நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு விற்கும்போது அப்படியே கொடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. வண்டி கை மாறிக்கொண்டே போக, பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. வாங்கியவர் 30 நாள்களுக்குள் அலுவலகத்தில் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும். காப்பீட்டிலும் 14 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு வண்டியோடு சேர்ந்து வரும். உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது.

விற்பவர் தப்பித்துவிட்டாரா?

"நான் விற்றுவிட்டேன், இனி எனக்கென்ன?" என்று எண்ணும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 50ஆம் பிரிவு.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு இங்கே எண்ணத்தக்கது. பதிவில் பெயர் மாறாமலே ஒரு வண்டி பல கை மாறியிருந்தது. அதற்குப் பின் 2009இல் விபத்து நேர்ந்தது. காப்பீடும் இல்லை. வண்டியை எப்போதோ விற்றுவிட்டதாகச் சொன்ன முதல் மனிதரே, பதிவேட்டில் அவர் பெயர் இருந்த காரணத்தால், இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் ஆனார். வழியில் வாங்கி விற்றவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் துரத்திச் செல்லும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் மீது ஏற்றக் கூடாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. ஐயாயிரம் லாபத்துக்கு விற்ற வண்டி, ஆண்டுகள் கழித்து வீட்டையே கேட்டு வரலாம்.

வாங்கியாகிவிட்டதே, என்ன செய்வது?

இதைப் படிக்கும் சில வீடுகளில் ஏற்கெனவே அத்தகைய வண்டி முற்றத்தில் நின்றுகொண்டிருக்கலாம். பதற வேண்டாம்; ஆனால் நாள் கடத்தவும் வேண்டாம். முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். விற்றவரை அழைத்துக்கொண்டு, பெயருக்குரியவர் வரை ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். அவர் கிடைத்துவிட்டால் நகல் சான்றிதழ், 29, 30ஆம் படிவங்கள் என்று முறைப்படி முடித்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், அல்லது எண்கள் பொருந்தாவிட்டால், ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு நீங்களாகவே காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். சோதனையில் பிடிபட்டுப் போவதும், தாமே சென்று சொல்வதும் ஒன்றல்ல.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். ‘நாம் ஏமாந்தோம், போட்ட பணமாவது வரட்டும்’ என்று அதை இன்னொருவர் தலையில் கட்டிவிடாதீர்கள். அறியாமல் வாங்கியவர் ஏமாந்தவர். அறிந்து விற்பவர் ஏமாற்றுபவர். பொருளில் உள்ள குறையை மறைத்து விற்பதை மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கைக்கு இழுக்கா?

"தெரிந்தவரிடம் காகிதம் கேட்பதா? மனம் வருந்துவாரே" என்று தயங்குகிறோம். அன்று என் தயக்கமும் அதுவே. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. அவ்வசனம் விளிப்பது ஈமான் கொண்டவர்களைத்தான். பல ஆண்டுகளாக அதை ஓதிக் கொடுத்தவன் நான். மாணவன் வந்து கேட்டபோது அதை மறந்து, என் வாய்ச் சொல்லைச் சாட்சியாக வைத்தேன்.

சென்ற ஆண்டு அதே மாணவன் மீண்டும் ஒரு பழைய வண்டி பார்த்தான். இம்முறை வண்டியைக் கொண்டுவரவில்லை. சான்றிதழை மட்டும் கொண்டுவந்தான். இருவரும் விற்பவர் வீட்டுக்குச் சென்றோம். அவன் டார்ச் பிடிக்க, நான் குனிந்து தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். விற்பவர் சிரித்துக்கொண்டே, "என்ன ஹஜ்ரத், என் மீது நம்பிக்கை இல்லையா?" என்றார்.

"உங்கள் மீது இருக்கிறது. வண்டியைத்தான் விசாரிக்கிறேன்" என்றேன்.

எண்கள் பொருந்தின. மூன்றாம் வாரம் சான்றிதழ் அவன் பெயருக்கு வந்தது. அவனுடைய தாயார் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டுப் போனார்.