வேலை செய்கிறாரா, வேலைச் செய்கிறாரா?

எஸ்.பி.எம். தேர்வுக்கு அமரவிருக்கும் தோட்டப்புற மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் தமிழ்மொழிப் பாடத்தின் இலக்கணப் பகுதியைப் பற்றிச் சில செய்திகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்லூரியில் சேர்வதற்கென்று தனியான இலக்கணத் தேர்வு எதுவும் நம் நாட்டில் இல்லை. எனினும், ஆறாம் படிவத்துக்கும் மெட்ரிகுலேஷன் வகுப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கும் போகிறவர்கள் எஸ்.பி.எம். சான்றிதழைக் கையில் ஏந்தித்தான் போக வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று எண்ணும் பிள்ளைக்கு, அச்சான்றிதழில் தமிழ்மொழிக்கு நேரே அச்சிடப்பட்டிருக்கும் தேர்ச்சி நிலை மிகவும் முக்கியமானது. கட்டுரையில் ஓரளவு ஒத்த திறமை பெற்ற இருவருள் ஒருவரை மேலேற்றுவதும் மற்றவரைக் கீழிறக்குவதும் பெரும்பாலும் இலக்கணமே.

இன்றைய மாணவர்க்கு வேறொரு நிலைமையும் ஏற்பட்டுள்ளது. 1988 முதல் ஆறாம் ஆண்டில் நடைபெற்றுவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. மூன்றாம் படிவத்தில் எழுதப்பட்டுவந்த பி.தி.3 தேர்வும் 2022இல் நிறுத்தப்பட்டது. ஆகவே, முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை 11 ஆண்டுகள் படித்த பிறகு எழுதும் எஸ்.பி.எம்.தான் அப்பிள்ளையின் முதல் பொதுத்தேர்வு. தேர்வுச் சுமை குறைந்தது பிள்ளைகளுக்கு நிம்மதியே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், எழுதும் தமிழில் தாம் எங்கே வழுக்குகிறோம் என்பதை வெளியார் ஒருவர் திருத்திக் காட்டும் வாய்ப்பும் அதனுடன் குறைந்துவிட்டது. ஐந்தாம் படிவத்துக்கு வந்த பின்னர்தான் பலருக்குத் தம் பிழை தெரிய வருகிறது. அப்போது காலம் போதுவதில்லை.

இலக்கணப் பகுதியில் மாணவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் எது என்று எந்தத் தமிழாசிரியரைக் கேட்டாலும், வலிமிகும் இடம், வலிமிகா இடம் என்றே விடை வரும். ஆகவே, அந்த ஒன்றையே இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு மாணவியின் கதை

தகவல் துறைக்கு வருமுன் சில ஆண்டுகள் நான் ஆசிரியப் பணியில் இருந்தேன். அப்போது ஐந்தாம் படிவத்தில் ஒரு மாணவி பயின்றாள். அவள் தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். தான் படித்த தமிழ்ப்பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்ப வேண்டும் என்பது அவள் ஆசை. இலக்கண விதிகளை ஒப்புவிப்பதில் வகுப்பில் அவளை மிஞ்சுவார் இல்லை.

மாதிரித் தேர்வு ஒன்றில் அவள், "என் தந்தை தோட்டத்தில் வேலைச் செய்கிறார்" என்று எழுதியிருந்தாள். "இங்கே 'ச்' எதற்கு?" என்று கேட்டேன். "'ஐ' வந்தால் வலி மிகும் என்று நீங்கள்தானே சார் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்றாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

"வேலை செய்கிறார்" என்றால் உழைக்கிறார் என்பது பொருள். "வேலைச் செய்கிறார்" என்றாலோ, முருகப்பெருமான் கையில் இருக்கிறதே அந்த வேலை உருவாக்குகிறார் என்று பொருளாகிவிடும். குலை வெட்டும் தந்தையை ஓர் ஒற்றெழுத்து கொல்லுப்பட்டறைக்கு அனுப்பிவிட்டது! முதல் தொடரில் உள்ள 'வேலை' என்பது முழுச்சொல். அதன் இறுதியில் ஒலிக்கும் ஐகாரம் அச்சொல்லுக்கே உரியது. இரண்டாம் தொடரில் 'வேல்' என்பதே சொல். அதனோடு சேர்ந்த 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு. உருபாக வந்த ஐகாரத்தின் பின்னரே வல்லெழுத்து மிகும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், மனப்பாடத்துக்கு எளிதாக இருக்கட்டும் என்று விதியின் பாதியை மட்டும் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். குற்றம் அவளுடையதன்று, என்னுடையது.

அவ்வாண்டு அவள் எதிர்பார்த்த சிறப்புத் தேர்ச்சி தமிழில் கிட்டவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிய விண்ணப்பமும் முதன்முறை பயன் தரவில்லை. இதற்கு ஒற்றெழுத்துகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும், அந்த விடைத்தாளை நினைக்கும்போதெல்லாம் விதியை எப்படிக் கற்பித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

உறவைக் கேளுங்கள்

வல்லின எழுத்துகள் ஆறு. அவற்றுள் டகரமும் றகரமும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாரா. எஞ்சிய க, ச, த, ப என்னும் நான்கில் ஒன்று அடுத்த சொல்லின் முதலில் வரும்போதுதான் நமக்கு ஐயம் எழுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதனை எழுத்ததிகாரத்தில் விரிவாகக் கூறுகிறது. அவ்விதிகளின் பட்டியலைப் பார்த்தவுடன் மாணவர்கள் மலைத்துப் போகின்றனர். மலைப்பு வேண்டியதில்லை. முன்னே நிற்கும் சொல்லுக்கும் பின்னே வரும் சொல்லுக்கும் என்ன உறவு என்று ஒரு கேள்வியை மனத்துக்குள் கேட்டால், பெரும்பாலான இடங்களில் விடை தானாகவே கிடைக்கும்.

நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. "கீரை கடை" என்று தாய் மகளிடம் சொன்னால், வெந்த கீரையை மத்தால் மசிக்கச் சொல்கிறார். "கீரைக்கடை" என்றால் கீரை விற்கும் கடை. முன்னதில் 'கடை' என்பது வினை. கீரையை என்பதில் உள்ள 'ஐ' மட்டும் மறைந்திருக்கிறது. ஆகவே வலி மிகவில்லை. பின்னதில் 'கடை' என்பது பெயர். கீரையை விற்கும் கடை என விரியும்போது, உருபோடு 'விற்கும்' என்னும் சொல்லும் சேர்ந்து மறைந்திருக்கிறது. ஆகவே வலி மிகுந்தது. தேர்வில் இதனை 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று எழுத வேண்டும். பெயர் நீளமானது, பொருள் அவ்வளவு கடினமானதன்று.

"வெற்றிலை பாக்கு" என்பதில் இரண்டும் சமமாக நிற்கின்றன. வெற்றிலையும் பாக்கும் என்பது பொருள். இவ்வாறு 'உம்' மறைந்து வரும் உம்மைத்தொகையில் வலி மிகாது. செடிகொடி, இரவுபகல், தாய்தந்தை என்பனவும் அவ்வாறே. "மல்லிகைப்பூ" என்பதிலோ மல்லிகை வேறு, பூ வேறு அல்ல, மல்லிகையாகிய பூ. ஆகவே மிகுந்தது. "வெள்ளைத்தாள்" என்பதும் வெண்மையாகிய தாள் என விரியும். ஊறுகாய், சுடுசோறு என்பனவற்றில் முதற்சொல் காலம் காட்டாத வினை; ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகை என்னும் இவ்வகையில் எங்குமே வலி மிகாது. "ஊறுக்காய்" என்று எழுதிய புட்டிகளைக் கடைகளில் காணலாம். அவற்றைப் பார்த்து எழுதப் பழகாதீர்கள்!

வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வரும் இடங்களில் இரண்டும் நான்கும் வலி மிகும் என்று நினைவிற்கொண்டால் போதும். பாடத்தைப் படித்தாள், பள்ளிக்குச் சென்றாள் என வரும். கத்தியால் குத்தினான், தாயோடு போனாள், தோட்டத்திலிருந்து புறப்பட்டார், அவனது சட்டை, என்னுடைய புத்தகம் ஆகிய இடங்களில் மிகாது.

செவி உதவும், செவி ஏமாற்றும்

தமிழைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே தெரியும். "கடைக்குப் போ", "அந்தப் பையனைக் கூப்பிடு" என்று பேசும்போது ஒற்றெழுத்தின் அழுத்தம் நாவில் தானாகவே வந்துவிடுகிறது. எழுதும்போதுதான் அதனை விட்டுவிடுகிறோம். ஆகவே, எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். தேர்வு மண்டபத்தில் உதடசையாமல் மனத்துக்குள் படித்துப் பார்க்கலாம்.

ஆனால், செவி எல்லா இடத்திலும் நம்பத்தக்கதன்று. "நல்லப் பிள்ளை" என்று பலரும் எழுதுவதற்குக் காரணம், பேச்சில் அப்படி ஒலிப்பதுதான். "நல்ல பிள்ளை" என்பதே சரி. நல்ல, பெரிய, புதிய, படித்த, வந்த முதலிய பெயரெச்சங்களின் பின் வலி மிகாது. அகரத்தில் முடியும் சொல் என்று மட்டும் பார்த்தால் இங்கே ஏமாந்துபோவோம். "அந்தப் பானை", "பெரிய பானை", "படிக்கப் போனாள்" ஆகிய மூன்றிலும் முதற்சொல் அகரத்தில்தான் முடிகிறது. 'அந்த' சுட்டு, மிகுந்தது. 'பெரிய' பெயரெச்சம், மிகவில்லை. 'படிக்க' வினையெச்சம்; மிகுந்தது. மீண்டும் உறவைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயரெச்சத்துள் ஒரே ஒரு வகை இவ்விதிக்கு விலக்கு. "ஓடாத குதிரை" என்பதில் இறுதியெழுத்து கெட்டு "ஓடாக் குதிரை" என்று வரும்போது வலி மிகும். இதன் பெயர் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

துகரத்தில் முடியும் வினையெச்சங்களும் மாணவரைக் குழப்புவன. "படித்துப் பார்", ஆனால் "வந்து பார்". ஏன்? இங்கே உறவு ஒன்றுதான். வேறுபாடு ஒலியில் இருக்கிறது. இறுதி உகரத்துக்கு முன்னுள்ள மெய்யை நோக்குங்கள். படித்து, எடுத்து, கேட்டு என வல்லின மெய்யைத் தொடர்ந்து வந்தால், அதாவது வன்தொடர்க் குற்றியலுகரமாக இருந்தால், வலி மிகும். வந்து, கண்டு, நின்று, செய்து, அழுது போன்றவற்றில் மிகாது. கேட்டுச் சொல், கண்டு பேசு, செய்து காட்டு என்று பத்துத் தொடர்களைச் சொல்லிப் பழகினால் இது நெஞ்சில் தங்கிவிடும்.

வலிமிகுதலை அடுத்து மதிப்பெண் இழப்பது எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபில். "மாடுகள் மேய்ந்தது" என்பது பேச்சு. "மாடுகள் மேய்ந்தன" என்பது எழுத்து. அது அன்று, அவை அல்ல. ஒரு வீடு, ஓர் ஊர். இவற்றை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாக்கியத்தின் கடைசி வினையைப் பிடித்துக்கொண்டு, யார், எது, எத்தனை என்று பின்னோக்கிக் கேட்டாலே பிழை வெளிப்பட்டுவிடும்.

நாள்தோறும் 20 நிமிடம்

இலக்கண நூலை முதற்பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குவோர் மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். அதைவிடப் பயனுள்ள முறை ஒன்று உண்டு. பாடநூலிலிருந்து பத்து வரிகள் கொண்ட ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்களின் இறுதியில் மிகுந்துள்ள க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கிவிட்டு அதனைத் தாளில் எழுதித் தருமாறு தோழர் ஒருவரிடம் சொல்லுங்கள். நீங்கள் அந்த ஒற்றுகளை மீண்டும் இட்டு நிரப்பிப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். சரியாக இட்ட இடத்திலும் ஏன் இட்டோம் என்று இரண்டு சொல்லில் காரணம் கூற முடிய வேண்டும். காரணம் கூற முடியாத சரியான விடை அதிர்ஷ்டத்தால் வந்தது. தேர்வில் அது துணைக்கு வராது.

பிழை ஏட்டில் விதியை எழுதாதீர்கள்; இணையை எழுதுங்கள். "கீரை கடை, கீரைக்கடை". "ஓடாத குதிரை, ஓடாக் குதிரை". "வந்து பார், படித்துப் பார்" என்று அருகருகே எழுதி வைத்தால், வேறுபாடு கண்ணில் படும். நான்காம் படிவத்திலேயே தொடங்கினால் நாளொன்றுக்கு 20 நிமிடம் போதும். வினாக்களின் அமைப்பும் மதிப்பெண் பங்கீடும் காலத்துக்குக் காலம் மாறக்கூடும். ஆகவே, பழைய பயிற்சி நூல்களை மட்டும் நம்பாமல், அண்மைய மாதிரி வினாத்தாளைத் தமிழாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

பெற்றோர் இதில் வாளாவிருக்க வேண்டியதில்லை. "நான் ஆறாம் ஆண்டோடு நின்றவள், எனக்கு என்ன தெரியும்?" என்று தாய்மார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இலக்கணம் தெரிய வேண்டா. பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தால் போதும். பிள்ளை அதைக் கேட்டு எழுதட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பாட்டியாரும், பேரப்பிள்ளை உரக்கப் படிக்கும்போது, "என்னடா இது, வாயில நிக்கலையே" என்று ஓரிடத்தில் சொல்லக்கூடும். பல வேளைகளில் அந்த இடத்தில்தான் பிழை இருக்கும்.

இறுதியாக ஒரு செய்தி. தமிழ்மொழி எஸ்.பி.எம். தேர்வில் கட்டாயப் பாடமன்று. மாணவர் விரும்பி எடுக்கும் பாடம். சில தேசிய இடைநிலைப்பள்ளிகளில் அதற்கு வகுப்பே இல்லாதிருப்பதும் உண்டு. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தாய்மொழி வகுப்பு நடத்துவதற்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. தங்கள் பிள்ளை பயிலும் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், பெற்றோர்கள் ஒன்றுகூடிப் பெயர்ப்பட்டியல் தயாரித்து, கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்னரே தலைமையாசிரியரிடம் நேரில் சேர்ப்பித்து, அதன் நகல் ஒன்றையும் வைத்துக்கொள்வார்களாக.