மின்மானியும் இல்லறச் சிக்கனமும்

இல்லறத்துக்கு இன்றியமையாத அரிசியும் எண்ணெயும் கண்முன்னே அளந்து வாங்கப்படுகின்றன. மின்சாரமோ அத்தகையதன்று. திங்கள் முடிவில் வரும் பட்டியலே அதன் அளவை அறிவிக்கின்றது. செலவிட்டு முடிந்தபின் விலை அறியப்படும் பொருளிற் சிக்கனம் கைகூடுதல் அரிது. 2022 மார்ச்சு இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்மையால், இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்புருவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் அது குறைந்தும் கூடியும் வந்துள்ளது. எனவே எதனைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஒவ்வோர் இல்லத்தாரும் அறிந்திருத்தல் நன்று.

மின்மானி காட்டும் ஓர் அலகு என்பது யாது? 1000 வாற்று வலுவுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்குங்காற் செலவாகும் மின்சாரமே ஓர் அலகாகும். ஆகவே செலவு, கருவியின் வலுவையும் அது இயங்கும் காலத்தையும் பொறுத்தது. மின்னழுத்தி, கேத்தில், நீர் சூடாக்கி முதலிய வெப்பந்தரும் கருவிகள் சிறிது நேரத்திலேயே மிகுதியான மின்சாரத்தை உண்பன. மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் வலுவிற் குறைந்தனவாயினும் நெடுநேரம் இயங்குதலாற் செலவைக் கூட்டுவன. 75 வாற்று மின்விசிறி நாள்தோறும் 8 மணி நேரம் சுழலின், 30 நாளில் 18 அலகு செலவாகும்.

இனி, கட்டணம் விதிக்கப்படும் முறையை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். வீட்டு மின்கட்டணம் படிக்கட்டுப் போன்றது. மேற்படியில் நிற்கும் அலகே விலைமிக்கது. 2025 ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்கின்படி, 30 நாட் பட்டியலில் 60 அலகு ஒரு பெரும் எல்லையாகும். அதனைக் கடந்தால், கடந்த அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்கும் உயர்ந்த வீதமே விதிக்கப்படும், நிலைக்கட்டணமும் உயரும்.

70 அலகு செலவிடும் ஓர் இல்லத்தில், 60 வாற்று இழைக்குமிழ்கள் இரண்டு நாள்தோறும் 5 மணி நேரம் எரிவதாகக் கொள்க. 30 நாளில் அவை 18 அலகை உண்ணும். ஏறத்தாழ அதே ஒளியைத் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ்கள் இரண்டும் 2.7 அலகையே கொள்ளும். மிஞ்சுவது 15.3 அலகு. 70 அலகு 54.7 ஆகக் குறைய, அவ்வில்லம் எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு குமிழ்களை மாற்றியதன் பயன் பட்டியல் முழுவதிலும் தோன்றும்.

ஏனைய வழிகளும் எளியனவே. ஒரு வாரத்துக்கு வேண்டிய ஆடைகளை ஒருங்கே அழுத்துதல், தேநீருக்கு வேண்டிய அளவு நீரை மட்டும் கொதிக்க வைத்தல், சூடாறிய உணவையே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல், அப்பெட்டியைச் சுவரோடு ஒட்டாது நிறுத்துதல் ஆகியன கைக்கொள்ளத்தக்கன. குழாய் ஒழுகும் வீட்டில் நீர் மட்டுமன்று, அதனைக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்றிய நீர்ப்பம்பியின் மின்சாரமும் வீணாகின்றது. எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, செருகிகளையும் கழற்றியபின் மின்மானியை நோக்குக. அப்போதும் அது செலவைக் காட்டுமாயின், மின்கசிவு உண்டோ எனத் தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

இச்சிக்கனம் வீட்டோடு நிற்பதன்று. மாலை 6.30 மணி முதல் இரவு 10.30 மணி வரை நாட்டின் மின்தேவை உச்சத்தை அடைகின்றது. நீர்வலு போதாதவிடத்து, பிறநாட்டு எண்ணெயை எரித்தே அத்தேவையை நிறைவேற்ற நேரிடுகின்றது. ஆதலின் அழுத்துதல், நீரேற்றுதல் போன்ற வேலைகளைப் பகலிற் செய்தல் நாட்டுக்கும் நலமாம்.

எனினும் சிக்கனம் வேறு, உலோபம் வேறு. பிள்ளைகள் படிக்கும் விளக்கை அணைத்து மிச்சம் பிடிக்க முயலும் இல்லங்களும் உள. 9 வாற்றுக் குமிழொன்று இரவுதோறும் 4 மணி நேரம் எரிந்தாலும் 30 நாளில் 1.08 அலகே செலவாகும். 1000 வாற்று நீர் சூடாக்கி அதனை ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலான பொழுதில் உண்டுவிடும். குறைக்கவேண்டியது கல்விக்குரிய ஒளியன்று. கணக்கறியாது செலவிடும் வெப்பமேயாம்.