உருத்திர முழக்கமும் பிரமவித்தையும்

இசை என்னுஞ் சொல் இசைவித்தல் என்னும் பொருளினின்றும் வந்ததென்பர். கேட்போரை வயப்படுத்தித் தன்னோடு இசையச் செய்வதே இசை. அங்ஙனமாக, செவியை இசைவிக்காது அறைவதையே தொழிலாகக் கொண்டது போன்று தோன்றும் ஓரிசை அரை நூற்றாண்டுக்கு மேலாக மேனாடுகளில் வழங்கி வருகின்றது. அது 'மெற்றல்' எனப்படும். மின்கிற்றார்களின் கரகரப்பும், இடைவிடாப் பறையடி போன்ற தாளமும், தொண்டையின் அடியிலிருந்து உறுமும் குரலும் அதன் உறுப்புக்கள். அவ்விசையிலே வேதாந்தத்தைப் பாடலாமோ என்று வினாவின், யாழ்ப்பாணத்துச் சைவர் பலர் நகைப்பர். ஆயினும் சிங்கப்பூர்த் தமிழர் சிலர் தொடங்கிய 'ருத்ரா' என்னுங் குழு அதனையே தன் வாழ்நாட் பணியாகக் கொண்டது. அக்குழு 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரம்மவித்யா: ட்ரான்சென்டென்டல் ஐ' என்னும் இசைத்தொகுதி, சாத்திரமறிந்தாரும் ஒருமுறை செவிகொடுத்து ஆராயத்தக்கது.

இவ்விசையின் பிறப்பு வியப்புக்குரியது. இங்கிலாந்திலே பேர்மிங்காம் நகரத்து இரும்புத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த தொனி அயோமி என்னும் இளைஞர், எந்திரத்திற் சிக்கி வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். இடக்கையால் மீட்டுபவராதலின் நரம்பை அழுத்தும் விரல்களே குறைபட்டன. உருக்கிய பிளாத்திக்கினால் விரற்கவசஞ் செய்து அணிந்து அவர் மீண்டும் வாசித்தார். பின்னர் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். தாழ்ந்த சுருதி இருண்ட ஒலியைத் தந்தது. 1970இல் வெளிவந்த அவர்தங் குழுவாகிய 'பிளாக் சபாத்'தின் முதற்றொகுதி, ஆதார சட்சத்திற்கும் பிரதிமத்திமத்திற்கும் உள்ள இடைவெளியைத் திரும்பத் திரும்ப ஒலித்து அச்சத்தை விளைத்தது. கருநாடக இசையில் அதே பிரதிமத்திமம் கலியாணியிலே மங்கலத்தைத் தருவது. ஆதலால் அச்சமும் மங்கலமுந் தனிச்சுரத்தில் இல்லை, அது நிற்கும் இடத்தில் உள்ளன என்பது பெறப்படும்.

அம்மரத்திற் கிளைகள் பல. அவற்றுள் 'கொதிக்' எனப்படுங் கிளை, ஆலிபக்சு நகரத்துப் 'பரடைஸ் லொஸ்ற்' குழு 1991இல் அப்பெயராலேயே வெளியிட்ட தொகுதியோடு உருக்கொண்டது. உறுமற் குரலோடு பெண்குரலும் பல்லியமுங் கலந்து, மெல்ல நடந்து, துயரையும் இடுகாட்டையும் பாடுவது அதன் இயல்பு. ருத்ரா அக்கிளையினதன்று, அதனிலும் விரைந்த, வன்மைமிக்க கிளையினது. எனினும் உறுமற் குரல் இரண்டற்கும் பொது. அக்குரல் வெறுங் கூச்சலன்று. குரல்நாண்களுக்கு மேலேயுள்ள போலி நாண்கள் அதிர்தலினால் அது பிறக்கின்றது. திபெத்திய மடங்களிலே துறவிகள் மந்திரமோதும் ஆழ்ந்த குரலும் அந்நாண்களின் துணைகொண்டதே.

ருத்ரா 1992இல் தோன்றியது. வாய்ப்பாட்டும் அடிநரம்புக் கிற்றாரும் கதிரசன் என்பாருடையவை. முழவு சிவா என்பாருடையது. முதற்றொகுதி 1998இலும், 'குருசேத்திரம்' என்பது 2003இலும் வந்தன. 2005இல் உபநிடதப் பொருளைப் பாடும் 'பிரம்மவித்யா: பிரைமோர்டியல் ஐ' வந்தது. 2009ஆம் ஆண்டுத் தொகுதி அதன் தொடர்ச்சி. 2011இல் 'இம்மோர்ட்டல் ஐ' மூன்றாவதாய் முடிந்தது. மூன்றன் பெயரிலும் இறுதியில் நிற்கும் 'ஐ' உரோமவெண்ணன்று. 'நான்' என்னும் ஆங்கிலச் சொல். அந்த 'நான்' யார் என்பதே மூன்று தொகுதிகளின் ஆராய்ச்சியும். இசை மேனாட்டது, இடையிடையே இந்திய வாத்தியங்களும் வடமொழி மந்திரவொலியும் புகும். பாட்டுமொழி பெரிதும் ஆங்கிலம். இதனை 'வேத மெற்றல்' என்று வழங்குவர்.

பெயரே முதற்கண் நோக்கத்தக்கது. உருத்திரன் என்பதற்கு அழுபவன், அலறச் செய்பவன், துன்பத்தை ஓட்டுபவன் எனப் பலவாறு பொருளுரைப்பர். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் அபிடேகத்தின்போது ஓதப்படும் சீருத்திரம், அவனுடைய சினத்துக்கும் அம்புக்கும் வில்லுக்குமே முதலில் வணக்கஞ் சொல்லித் தொடங்குகின்றது. கள்வர்க்குத் தலைவன் என்றும் அவனைப் போற்றுகின்றது. அவ்வச்சத்தின் நடுவிலேதான் திருவைந்தெழுத்து இரத்தினம்போல் வைக்கப்பட்டுள்ளது. கோர வடிவும் அகோர வடிவும் ஒருவனுடையனவே என்பது வேதத்தின் துணிபு. அங்ஙனமாயின், கோரமான ஒலியால் அவனைப் பாடுதல் முறையன்று என்று எளிதிற் கூறிவிடல் இயலாது.

தமிழிலும் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடலையையும், அங்கே உலவும் பேய்களையும், எரியும் பிணத்தையும் பாடினார். தம்மையே பேய் என்றார். அப்பதிகங்கள் நட்டபாடையிலும் இந்தளத்திலும் அமைந்தவை. திருமுறையுள் வைத்து ஓதப்படுபவை. வற்றிய உடலும் தாளமேந்திய கையுமாய் அம்மையார் இருக்குஞ் செப்புத் திருமேனி பொலன்னறுவையிற் கிடைத்துக் கொழும்பு நூதனசாலையில் உள்ளது. மேனாட்டார் இடுகாட்டைப் பாடுதற்குப் பன்னூற்றாண்டு முன்னரே அதனைப் பாடிய மரபு சைவ மரபு. வேறுபாடு யாதெனின், அம்மையார்க்குச் சுடலை ஆடலரங்கு. கொதிக் இசைஞர்க்கு அது பெரும்பாலும் முடிவிடம்.

இனி, 2009ஆம் ஆண்டுத் தொகுதியின் பொருளுக்கு வருவோமாயின், சித்தாந்திக்கு அங்கே வழக்குண்டு. 'பகவத்பாத நமாமி' என்னும் பாடற்பெயர் சங்கரரை வணங்குவது. 'அவித்தியா நிவிர்த்தி' என்பது அறியாமை நீக்கம். 'காணப்படுவதன்று, காண்பானே' என்னும் பொருள்பட மற்றொரு பாடலுளது. இவையெல்லாம் கேவலாத்துவிதத்தின் சொற்கள். அறியாமை கயிற்றிற் பாம்பு போன்ற மயக்கம். அறிவு வந்ததும் அது இல்லையாகும் என்பது அவர் கொள்கை. சித்தாந்தமோ ஆணவமலத்தை மயக்கமென்னாது பொருளென்று கொள்ளும். கண்ணிற் படலம் படர்ந்தவனுக்கு, "உனக்குப் படலமுண்டு" என்று அறிவித்த அளவில் அது நீங்குமோ? மருத்துவன் சத்திரத்தால் அகற்றல் வேண்டும். அம்மருத்துவன் இறைவன், அச்சத்திரம் அருள். 'காண்பான்' என்று உயிரைப் பிரித்தறிதலும் போதாது. ஞாயிற்றின் ஒளியின்றிக் கண் காணாதவாறு போல, இறைவன் காட்டாமல் உயிர் காணாது. சிவஞானசித்தியாருக்கு உரைகண்ட திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் பிறந்த நாட்டில் இவ்வழக்கைச் சொல்லாமற் போதல் தகாது.

ஆயினும் அதே தொகுதியில் 'அமிர்தஸ்யபுத்திர' என்றொரு பாடலுண்டு. அமுதத்தின் மக்களே என்று மாந்தரை விளிக்கும் அத்தொடர் சுவேதாசுவதர உபநிடதத்திற் பயில்வது. உருத்திரன் ஒருவனே, இரண்டாமவனில்லை என்று முழங்கும் உபநிடதமும் அதுவே. பதி, பசு, பாசப் பாகுபாட்டுக்குச் சைவர் சான்று காட்டுவதும் அதுவே. உருத்திரன் பெயரைத் தரித்த குழு சங்கரர் வழியே சென்றும், சைவருடைய கருவூலத்தின் வாயிலைத் தொட்டே மீண்டுள்ளது.

அட்டாவக்கிரரைப் பற்றிய பாடல் மற்றொன்று. எட்டுக் கோணலுடைய அம்முனிவர் சனகன் அவைக்களம் புகுந்தபோது, உடலைக் கண்டு அவையினர் நகைத்தனரென்றும், தோலை மதிப்பிடுவார் தோல் வாணிகரே என அவர் கடிந்தனரென்றும் கதை வழங்கும். கோணிய உடலுட் செம்மையான ஞானம் இருந்தவாறு, கோணிய ஒலியுட் சாத்திரம் இருத்தல் கூடும் என்று இசைஞர் கருதினர்போலும். கருத்து நன்று, ஆனால் ஒரு தடை. அட்டாவக்கிரர் பேசியது அவையினர்க்கு விளங்கிற்று. இவ்வுறுமற் குரலிற் சொற்கள் விளங்குதல் அரிது. இறுவட்டோடு வரும் பாட்டுத்தாளைக் கையில் வைத்திராதவன் வேதாந்தத்தையன்றி முழக்கத்தையே கேட்பான். ஓதுவார் ஒரு சொல்லைச் சிதைத்தாற் கோயிலிற் பிழையென்பர். இங்கே சிதைவே நடை. இக்குறை சிறிதன்று.

மற்றொரு பக்கமும் உளது. புலம்பெயர்ந்த நாடுகளிற் பிறந்த தமிழ் இளைஞர் பலர் தேவாரத்தைப் பாட்டனாரின் இசையென்றும் கிற்றாரைத் தம்மிசையென்றும் பிரித்து வளர்கின்றனர். சங்கரர் பெயரையும் அட்டாவக்கிரர் பெயரையும் அவ்விளைஞர் தேடிப் படிக்க நேர்ந்தது இத்தகைய பாடலாலெனின், அதனைப் பழித்தல் எங்ஙனம்? சிங்கப்பூர் இசையாய்வாளர் இயூஜின் டைரியநாதன் இக்குழுவின் இசையை அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாள வினாவோடு சேர்த்து ஆராய்ந்ததும் இது பற்றியே. உத்தியோகத்தின் பொருட்டு யாழ்ப்பாணத்தார் கப்பலேறிச் சென்று, இலங்கை வீதியிலே செண்பக விநாயகருக்குக் கோயில் எடுத்த ஊர் சிங்கப்பூர். அவ்வூரில் சாத்திரம் எக்குரலிற் பேசப்படுகின்றதென்பது இங்குள்ளார்க்கு அயல்வீட்டுச் செய்தியன்று.

2011ஆம் ஆண்டு மூன்றாந் தொகுதியிலே, பிரமசூத்திரத்தின் முதற்சொற்களை ஆங்கிலத்தில் தலைப்பாகக் கொண்ட பாடலொன்றுளது. அச்சூத்திரத்திற்குச் சங்கரர் உரை ஒன்றே உரையன்று. நீலகண்ட சிவாசாரியர் சைவபாடியஞ் செய்தார். அதனைத் தமிழாக்கித் தந்தவர் யாழ்ப்பாணத்துக் காசிவாசி செந்திநாதையர். அந்நூலை இக்குழுவினர் கையில் எடுத்துக் கொடுத்தார் எவருமிலர்.