கண் சிமிட்டச் சொல்லும் கணினி (தொடர் – 9)

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, ஆழ்வார்குறிச்சிக்காரர்களின் ஆட்சியர் அலுவலகம் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வந்தது. தூரம் குறைந்ததுதான். ஆனாலும் இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பார்வையற்றவருக்கும் அது லேசான பயணமல்ல. வருவாய்ச் சான்றிதழ், உதவித்தொகை மனு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என எல்லாவற்றுக்கும் இப்போது இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்கிறோம். யாருக்கு அலைச்சல் அதிகமோ அவருக்குத்தான் இந்த வசதி முதலில் பயன்பட வேண்டும். பல தளங்களில் அவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

எங்கே மாட்டிக்கொள்கிறார் என்று பார்ப்போம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் பார்வையற்றவரின் துணை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-ல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆனால் வாசிக்க எழுத்து இருக்க வேண்டுமே! சுற்றறிக்கையை அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றினால் மென்பொருளுக்கு அது வெறும் படம். ஒருங்குறியைப் பயன்படுத்தச் சொல்லித் தமிழக அரசு 2010-லேயே ஆணையிட்டது. அப்படியிருந்தும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஒன்று கைக்கு வந்தால் வேடிக்கைதான்: கண்ணுக்குத் தமிழ், காதுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். விண்ணப்பப் படிவத்திலோ, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரலுக்குள் பெயர் கொடுக்காவிட்டால், அது தந்தை பெயருக்கான இடமா, கைபேசி எண்ணுக்கான இடமா என்று தெரியாது. கடைசியில், கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சா வந்து நிற்கும். மவுஸ் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவரின் பாடு இன்னொரு வகை. இவற்றில் எதுவும் தொழில்நுட்பத்தால் தீராத சிக்கல் அல்ல.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-ல் வந்து, 2018-லும் 2023-லும் திருத்தப்பட்டன. குறை வேறிடத்தில் இருக்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டியது: சட்டம் கட்டாயம் என்று சொன்னதை அதன் கீழ் வகுத்த 2017 விதிகளின் 15ஆவது விதி பரிந்துரையாகக் கரைத்துவிட்டது, அந்த விதி செல்லாது. அடுத்த ஏப்ரல் 30-ல் இன்னொரு தீர்ப்பு. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பிரக்யா பிரசூனிடம், வங்கிக் கணக்கு தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் இதே அடையாளச் சரிபார்ப்பு முறைக்கு எதிராக மனு செய்திருந்தார். இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி, நீதிமன்றம் 20 கட்டளைகளைப் பிறப்பித்தது.

இ-சேவை மையம்தான் இருக்கிறதே, அங்கே செய்துகொடுப்பார்களே என்பார்கள். மையம் நல்ல ஏற்பாடுதான். அது விருப்பமாக இருக்கும்வரை. வேறு வழியே இல்லாமல் அங்கே போகிறவர் தன் ஆதார் எண்ணையும், கைபேசிக்கு வரும் ஓடிபியையும், நோய் விவரத்தையும் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெகு சிலருக்காக இவ்வளவு செலவா என்ற கேள்வியும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர்; கண்புரை விழுந்த முதியவர்கள் எல்லாரும் அதில் அடங்க மாட்டார்கள். செலவு கூடுவது, கட்டி முடித்த தளத்தை இடித்துத் திருத்தும்போதுதான். முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பெரிய தொகை ஆகாது. எழுத்தைப் பெரிதாக்கும் ஒரு பொத்தானைத் தலைப்பில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பது எனக்குக் கண்துடைப்பாகவே படுகிறது.

தானியங்கிச் சோதனைச் சான்றிதழும் போதாது. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும். விளக்கம் சரியா என்று மனிதர்தான் சொல்ல வேண்டும். தென்காசி மாவட்டத்தில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டாம். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஆய்க்குடியில்தான் இருக்கிறது. தளம் கட்டிய நிறுவனத்துக்கு இறுதித் தவணையை விடுவிக்கும் அதிகாரி, மாற்றுத்திறனாளிகள் சிலரை அழைத்து, யார் துணையும் இல்லாமல் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பச் சொல்லட்டும். அது போய்ச் சேர்ந்தபின் காசோலையில் கையெழுத்துப் போடட்டும்.