பின்சில்லுக்கு ஏற்ற சுருள்வில்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் மலைக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுவோர் பலர். வளைவுகள் மிகுந்த அப்பாதையில், மனைவியையோ பிள்ளையையோ பின்னால் இருத்திச் செல்லும்போது, பின்சில்லின் சுருள்வில்லைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. ஆயினும் இருவரின் நலனும் அதனிடத்தே தங்கியுள்ளது.

வில் மென்மையாயின், சுமையால் பின்புறம் தாழும். முன்விளக்கின் ஒளி வீதியை விட்டு மேலே செல்லும். வில் விறைப்பாயின், சில்லு துள்ளித் தரையை விட்டெழும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது?

பொருத்தமானதை அறிவது எங்ஙனம்? சுமை இரட்டித்தால் வில் சுருங்குவதும் இரட்டிக்கும் என்னும் விதியை றொபேட் ஹூக் 1678ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். அதுவே நமக்கு வழிகாட்டி. பின்சில்லைத் தரையில் படாது தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர்மேலே இருக்கைச் சட்டம்வரை அளந்துகொள்க. வழக்கமாகச் செல்வோர் ஏறி அமர்ந்தபின் மீண்டும் அளக்க. சில்லு அசையக்கூடிய தூரம் 100 மில்லிமீற்றராயின், 25 முதல் 35 வரை தாழ்தல் பொதுவாக நன்று.

மிகுதியாகத் தாழ்ந்தால், வில்லைத் தாங்கும் வளையத்தை முறுக்கிச் சரிசெய்கிறோம். ஆனால், அதனால் வண்டி உயருமேயன்றி வில்லின் வலிமை கூடாது. சரிசெய்தபின், ஆளின்றி நிற்கும் வண்டி சிறிதும் தாழாவிடின், அவ்வில் நம் சுமைக்குப் போதாது, வலியதொன்றையே நாடவேண்டும். தனியே நிற்கையிலேயே பெரிதும் தாழ்ந்தால், வில் மிக விறைப்பானது.

மாணவர்களே, ஹூக்கின் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படியாது, அளவுநாடாவுடன் வீட்டு முற்றத்திலும் சோதித்துப் பாருங்கள். அப்பாவின் பயணம் பத்திரமாகும்.