உப்பில்லாக் கீரையும் மூடிய கதவும்

பிடித்த பாட்டு எது என்று கேட்டால் எங்கள் ஊர் பெருமுக்கல் பிள்ளைகள் சட்டென்று ஒரு சினிமாப் பாட்டைச் சொல்வார்கள். எனக்கும் இளையராஜா பிடிக்கும்தான். ஆனாலும் என் பாட்டு, பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. மொத்தம் 269 அடி. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். எங்களுக்குப் பக்கத்துச் சீமைக்காரர். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் என்ற ஊர்தான் இன்று திண்டிவனத்தில் இருக்கும் கிடங்கல்.

பரிசு வாங்கித் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அவ்வளவுதான் கதை. எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும், வேலூரில் எயினர் வீட்டில் சுடச்சுடப் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் உண்டு, ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும் போடுவார்கள் என்று அடுக்குகிறான். எயிற்பட்டினம் மரக்காணம் என்பார்கள். மரக்காணம்–திண்டிவனம் சாலையில் இருந்துகொண்டு இதைப் படித்தால் வாயில் எச்சில் ஊறும். பெருமுக்கல் பெயர் மட்டும் பாட்டில் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது விருந்துக்கு முன்னால் வரும் பத்து அடிகள். பாணன் தன் பழைய வீட்டைச் சொல்கிறான். அடுப்படியில் குட்டி போட்ட நாய். கண் திறக்காத குட்டிகள் மடியை முட்ட, பால் இல்லாத தாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. கறையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. இடுப்பு ஒடுங்கிய வீட்டுப் பெண், கிணைமகள், குப்பைமேட்டு வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். வறுமையை இளக்காரமாகப் பார்க்கும் அறியாதவர்கள் கண்ணில் படக்கூடாது என்று கதவைச் சாத்துகிறாள். அந்தக் கீரையையும் தனியாகத் தின்னவில்லை. சுற்றம் மொத்தத்தோடும் பகிர்ந்து உண்கிறாள்.

உப்பளம் பரந்து கிடக்கும் மரக்காணத்தை அடுத்து வாழும் எனக்கு அந்த உப்பில்லாக் கீரை கூடுதலாகவே உறைக்கிறது.

இந்த வறுமையைச் சொல்லும்போது பாணன் யானையும் தேருமாக வருகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். செல்வம் வந்தபின் பழைய அடுப்படியை மறைப்பவர்களே அதிகம். இவனோ, வீட்டுப் பெண் கதவைச் சாத்தி மறைத்ததை முன்பின் தெரியாத ஒருவனிடம் திறந்து சொல்கிறான். எதிரே நிற்பவனும் அதே பசியில் இருப்பதால்தான் சொல்கிறான் என்று நினைக்கிறேன். 'எனக்கு விடிந்தது, உனக்கும் விடியும்' என்று நம்ப வைக்க வேறு வழி ஏது? அந்த அடிகளை வெறும் வறுமை வர்ணனையாகப் பரீட்சைக்குப் படிப்பது அநியாயம்.

உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். 269 அடியையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு 130-ஆம் அடியிலிருந்து பத்து அடியை மட்டும் உரையோடு வாசித்துக் காட்டுங்கள்.