அருளானந்தர்

அருளானந்தர் அல்லது ஜான் டி பிரிட்டோ (மார்ச் 1, 1647 - பெப்ரவரி 4, 1693) தமிழகத்தில் பணியாற்றிய போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி ஆவார். சமயக் காரணங்களுக்காக ஓரியூரில் தலை துண்டிக்கப்பட்டு இறந்த இவரைக் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராகப் போற்றுகிறது.

தொடக்க காலம்

லிசுபன் நகரில் உயர்குடியில் பிறந்த இவர், சிறுவயதில் இளவரசர் பேதுருவின் தோழராக அரண்மனையில் வளர்ந்தார். 1662-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் கோவா வந்தடைந்து, அடுத்த ஆண்டு மதுரை மிஷனில் இணைந்தார். செஞ்சிப் பகுதியே இவரது முதல் பணித்தளங்களுள் ஒன்றாகும். அப்போது பீஜப்பூர் சுல்தானகத்தின் வசமிருந்த செஞ்சிக் கோட்டையை 1677-இல் சிவாஜி கைப்பற்றினார்.

வாழ்க்கை முறை

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி (தத்துவ போதகர்) பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். அக்கோலத்தில் பிற சாதியினருடன் கலந்து பழகுவது கடினமாக இருந்தது. எனவே பல சாதியினரும் அணுகக்கூடிய பண்டாரசாமி கோலத்தை அருளானந்தர் ஏற்றார். காவியுடை அணிந்து, புலால் உண்ணாது வாழ்ந்தார். உடை, உணவு, பெயர் ஆகியவற்றை நாட்டு வழக்கமாகக் கருதி ஏற்றுக்கொண்ட இவர், வழிபாட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் கைது

1686-இல் மறவர் நாட்டில் போதித்தபோது, இவரும் உடனிருந்த தமிழ் உபதேசியார்களும் கைது செய்யப்பட்டனர். சிவனுக்கு வணக்கம் செலுத்துமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். மறுத்ததால் பல நாட்கள் வதைக்கப்பட்டனர். பின்னர் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி இவர்களை விடுவித்தார். எனினும் தம் நாட்டில் போதிக்கக் கூடாது எனத் தடை விதித்தார்.

இறப்பு

1687-இல் ஐரோப்பா சென்ற அருளானந்தரை, அப்போது மன்னராகியிருந்த இரண்டாம் பேதுரு அங்கேயே தங்குமாறு வேண்டினார். அதை ஏற்காமல் 1690-இல் இந்தியா திரும்பி, மீண்டும் மறவர் நாட்டுக்குச் சென்றார். அங்கு தடியத் தேவர் என்னும் அரச குடும்பத்தவர் கிறித்தவரானார். திருச்சபை விதிப்படி அவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண் ஆவார். இதனால் சமயச் சிக்கல் அரச குடும்பச் சிக்கலாகவும் மாறியது. 1693 சனவரியில் கைதான அருளானந்தர், ஓரியூருக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். இறப்பதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் கிடைத்துள்ளது.

பின்னைய விவாதம்

எது நாட்டு வழக்கம், எது பிற சமய வழிபாடு என்ற கேள்வி இவரது இறப்போடு முடியவில்லை. 1704-இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன், மிஷனரிகள் அனுமதித்திருந்த பல வழக்கங்களுக்குத் தடை விதித்தார். இதையொட்டி எழுந்த 'மலபார் சடங்குகள்' விவாதத்துக்கு 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தம் ஆணையால் முடிவு கண்டார்.

புனிதர் பட்டம்

1853-இல் அருளாளராகவும், சூன் 22, 1947-இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஓரியூர், இன்று பல சமயத்தவரும் வந்து செல்லும் திருத்தலமாக விளங்குகிறது.